எட்டில் ஒன்று

லாயாங் லாயாங்கில் செம்பனை சாய்த்த இடத்தில்
ஜன்னலே இல்லாத கட்டடம் ஒன்று.
உள்ளே பதினெட்டு டிகிரி, வெளியே ஆலைப் புகை,
இரண்டுக்கும் நடுவில் என் கம்பளிச் சட்டை.

இரவு வேலை. ஹாஃபிஸ் தே ஓ வாங்கப் போயிருக்கிறான்.
என் முன்னால் ஒரு சுவிட்ச்:
உள்ளே வர முப்பத்திரண்டு வாசல்,
வெளியே போக முப்பத்திரண்டு.
எந்தப் பாக்கெட் எந்த வாசலுக்கு என்று
அது முடிவெடுக்கும் நேரத்தில்
வெளிச்சமே பத்தடி தாண்டாது.

அந்தப் பத்தடிக்குள் ஒரு சம்பந்தப் பேச்சு முடிந்துவிடும்.
உள்வாசல்கள் கேட்கும்.
வெளிவாசல் ஒவ்வொன்றும்
கேட்டவர்களில் ஒருவரை நோக்கி விரல் நீட்டும்.
நீட்டிய விரலை அவர் பற்றினால்தான்
அது அடுத்தவர் பக்கம் நகரும்.
பற்றாவிட்டால் நகராது,
மறுபடி அவரையே காட்டிக்கொண்டிருக்கும்.
இந்தச் சின்னப் பிடிவாதம் போதும்,
முதலில் ஒருவரையே சுட்டிய விரல்கள் எல்லாம்
சில சுற்றுகளில் ஆளுக்கொரு திசையாய்ப் பிரிந்துவிட.
அதட்ட ஒரு மண்டோர்கூட வேண்டாம்.
முதன்முதலில் இதைப் படித்தபோது
நூலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

காலை ஏழுக்கு வேலை முடிந்து
ஆலை முச்சந்தியில் மாட்டிக்கொள்வேன்.
ஒற்றை வரிசை. தலையில் ஒரு டீசல் டேங்கர்.
அது போகவேண்டியது பின்வாசலுக்கு; பின்வாசல் பூட்டு.
அதன் பின்னால் பதினொரு லோரி நிறையப் பழக்குலை,
அவை போகவேண்டிய எடைமேடை
காலியாக, ஈ மொய்த்து.
கடைசி லோரி குணாளனுடையது.
நாலு ஏக்கர், சொந்த நிலம், பச்சை லோரி.
குலை காத்திருந்தால் எண்ணெய் புளிக்கும்,
எண்ணெய் புளித்தால் விலை இறங்கும்.

ரொட்டிக் கடையில்
எடைமேடைக் கிராணி தவமணியிடம்
ரசீதின் பின்பக்கம் வரைந்து காட்டினேன்:
போகுமிடம் ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை.
ஒருவன் நின்றால் அவன் மட்டும் நிற்பான்.
"உன் பாக்கெட்டுக்கு ஹாரன் இருக்கா?" என்றாள்.
"மானேஜருக்கு மச்சான் இருக்கானா?"
சாம்பார் ஒட்டிய ரசீதை
ஆனாலும் மடித்து எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை இரண்டு எண்ணெய் டிரம் நின்றன ரோட்டில்.
டேங்கர் ஓரமாய்த் தன் வரிசையில் தனியே,
லோரிகள் மளமளவென்று மேடை ஏறின.
எனக்குப் பெருமை தாங்கவில்லை,
ஒன்பது மணிக்கு முட்டை வாங்கத் திரும்பி வரும்வரை.
குணாளன் அதே இடத்தில்.
தோட்டத்து லோரி வந்தால் அதற்கு முதலிடம்,
அவை வந்துகொண்டே இருந்தன.
வரிசையைப் பிரிக்கச் சொன்னேன்.
முறை யாருக்கு என்று சொல்லவே இல்லை.

அன்றிரவு என் திரையில் ஏழாம் வரிசையைத் திறந்தேன்.
பணம் குறைவாகக் கட்டுகிறவர்களின் வரிசை.
முதல் வரிசை காலியானால்தான் அதற்கு முறை;
முதல் வரிசை காலியாவதில்லை.
கைவிடப்பட்டவை: நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஆறு.
யாருடைய குரலோ, எந்தக் கிளினிக்கின் எக்ஸ்ரேயோ,
யாரோ அனுப்பிய பூனைப் படமோ.
எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.
எட்டு முறையில் ஒன்று ஏழாம் வரிசைக்கு
என்று எழுதி, பதிவேட்டில் என் பெயரும் போட்டேன்.
எண் நின்றது.
முதல் வரிசை முனகக்கூட இல்லை.

தவமணிக்கு இரண்டே சொல் அனுப்பினேன்: எட்டில் ஒன்று.
இரண்டு நீலக் குறி. பதில் இல்லை.

இப்போது காலை ஏழேகால்.
காருக்குள் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
தோட்டத்து லோரி, அதன் பின்னால் இன்னொன்று,
மச்சானுடையது, மறுபடி தோட்டம்.
மேடையில் ஏறுவது ஏழாவது.
கண்ணாடிக்குப் பின்னால் தவமணி தலை நிமிர்த்தவில்லை.
குணாளன் சிகரெட்டை மிதித்து அணைத்து
சாவியைத் திருகுகிறார்.